பழைய கிராங்க் வாங்கும் முன் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள்

ராமேஸ்வரத்தில் விசைப்படகு வைத்திருக்கிற எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்தான் இன்ஜின் வேலை பார்க்கிற காலம். போன வருடம் அந்த நேரத்தில் ஒரு பழைய கிராங்க், அதாவது இன்ஜினுக்குள் சுற்றுகிற முக்கியத் தண்டு, வாங்கி நான் மோசம் போனேன். இந்த வருடம் யாராவது வாங்கப் போவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்களுடையது லேலண்ட் 6 சிலிண்டர். சூடு ஏறினால் ஆயில் பிரஷர் இறங்கி, அடியில் டொக் டொக் என்று சத்தம் வந்தது. பிரித்தால் ஒரு பேரிங் உருகிக் கிராங்கோடு ஒட்டிக் கிடந்தது. தேய்ந்த கிராங்கை அரைத்து மெலிதாக்கி, அதற்கேற்ற தடித்த பேரிங் போடுவார்கள். அந்தக் கிராங்கைக் கடைசி அளவு வரைக்கும் அரைத்தாகிவிட்டது, இனி அரைக்க இடமில்லை. புதிது வாங்கக் கையில் காசு இல்லை. அப்போதே ஜூன் பிறந்துவிட்டது.

வெளியூரில் ஒரு பழைய பார்ட்ஸ் கடைக்குப் போனோம். "லாரியில ஓடின கிராங்க்ண்ணே. ஒரு தடவைகூட லேத்துல ஏறல" என்றார் கடைக்காரர். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. தேயும் இடமெல்லாம் கண்ணாடி மாதிரி பாலிஷ், மற்ற இடத்தில் கறுப்புப் பெயின்ட். எங்கள் மெக்கானிக் அண்ணன் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். எல்லாம் ஸ்டாண்டர்ட் அளவு, அதாவது அரைக்காத புதுக் கிராங்கின் அளவு. 22,000 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

தடை முடிந்து திங்கள், புதன் இரண்டு நாளும் போய்வந்தோம், ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை இரவு வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது டமார் என்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. கச்சான் காற்று வீசுகிற நேரம், படகை வடகிழக்கே எல்லைப் பக்கம் தள்ளும். நங்கூரம் போட்டும் அது பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே போனது. படகில் ஐந்து பேர். எல்லையைத் தாண்டிவிட்டால் படகும் போகும், ஆட்களும் சிறைக்குப் போவார்கள். வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, பக்கத்துப் படகு வந்து எங்களைக் கட்டி இழுக்கும் வரை இரண்டு மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. என்னை நம்பி ஏறிய ஆட்கள் அவர்கள்.

கரைக்கு வந்து பிரித்தால் கிராங்க் இரண்டாக உடைந்திருந்தது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கன்ராடு அடித்து இன்ஜின் பிளாக்கிலும் ஓட்டை. லேத்துக்காரர் உடைந்த முகத்தைத் துடைத்துக் காட்டினார். பாதி இடம் பளபளவென்று சீனிக்கட்டி மாதிரி, அது அன்றைக்கு உடைந்தது. மீதி கறுத்துப்போய், மணலில் அலை வந்து திரும்பிய தடம் போல வளைவு வளைவாகக் கோடுகள். விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த தடம் அது. ஓரத்தைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. "இது வெல்டிங் வச்சு ஏத்தின இரும்புண்ணே" என்றார். அப்புறம் பக்கத்துப் பெயின்ட்டைத் தின்னர் போட்டுத் தேய்த்தார். அடியில் 0.75 என்று குத்தியிருந்தது.

முக்கால் மில்லிமீட்டர் அரைத்த கிராங்க் என்று அர்த்தம். அரைக்கிற பட்டறைகள் பலவற்றில் அளவை அப்படிக் குத்திவைப்பார்கள். அதன்மேல் வெல்டிங் ஏற்றி, பழையபடி ஸ்டாண்டர்டுக்குக் கடைந்து, எண்ணைப் பெயின்ட்டில் மறைத்திருக்கிறார்கள். மைக்ரோமீட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஆகையால் அளவு சரியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். பெயின்ட்டை அங்கேயே சுரண்டுங்கள், சுரண்ட விடாத கடையில் வாங்க வேண்டாம். ஆயில் ஓட்டைகளின் விளிம்பையும், ஜர்னல் (பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதி) வளைந்து பக்கவாட்டில் சேரும் மூலையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் வைத்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். கிராங்கைத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரி கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடி தூவினால், விரிசல் இருக்கிற இடத்தில் ஈரக்கோடு தெரியும். இதெல்லாம் செய்தாலும், முறையாகக் கிராக் டெஸ்ட் (விரிசல் சோதனை) எடுக்காமல் இன்ஜினில் இறக்காதீர்கள். பழைய சிலிண்டர் ஹெட்டுக்கும் இதே கதைதான், தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்க்கிற வாட்டர் டெஸ்ட் முக்கியம்.

ஆயில் சம்ப், பிளைவீல் ஹவுசிங் போன்றவற்றைப் பழசாக வாங்குவதில் தப்பில்லை, நானும் வாங்குவேன். பேரிங், கன்ராடு போல்ட், கேஸ்கட், கடல்தண்ணி பம்ப்பின் இம்பெல்லர் இவை மட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

கடைக்காரரிடம் திரும்பப் போனேன். "வித்த பொருளை எடுக்கிறதில்லைண்ணே" என்பதோடு பேச்சு முடிந்தது. சொந்தப் பிழைப்புக்காக வாங்கும் பொருள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். என் கையில் இருப்பது பொருளின் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. பொருள் பெயர், அளவு, தேதி, கடை முத்திரை எல்லாம் உள்ள பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

உடைந்த இரண்டு துண்டும் எங்கள் வலைக் கொட்டகையில்தான் கிடக்கின்றன. கிராங்க் வாங்கப் போகிற நம்ம ஆட்கள் ஒரு எட்டு வந்து, அந்த வளையம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம்.