கருதுகோள் சோதனைக் கணக்கு: பிரதேசம் குறித்துச் செய்வதா, பி பெறுமானம் கண்டு செய்வதா?

உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகள் ஏழு பேருக்குப் புள்ளிவிபரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். நிகழ்தகவுப் பரம்பல் முடிந்து கருதுகோள் சோதனை தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நிராகரிப்புப் பிரதேசத்தை (எந்தெந்த விடைகள் வந்தால் கருதுகோளை நிராகரிப்போம் என்ற எல்லையை) முதலில் குறித்துவிட்டுத் தரவைப் பார்க்கும் முறையைப் பழக்குவதா, தரவிலிருந்து நேரே பி பெறுமானத்தை (கருதுகோள் உண்மையென்றால் இந்தத் தரவோ இதைவிட ஓரமானதோ வரும் நிகழ்தகவை) கண்டு பொருண்மை மட்டத்தோடு (உண்மையான கருதுகோளைப் பிழையாக நிராகரிக்க நாம் அனுமதிக்கும் உச்ச அளவோடு) ஒப்பிடும் முறையைப் பழக்குவதா? முன்பெல்லாம் பி பெறுமானத்தில்தான் தொடங்குவேன். இந்த வருடம் மாற்றிவிட்டேன்.

இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். செவ்வன் பரம்பலில் செய்யும் இசட் சோதனையில் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வால் என்பது பரம்பலின் ஓரம். ஓர் ஓரத்தை மட்டும் பார்க்கும் ஒரு வாலுக்கு 1.645, இரண்டு ஓரத்தையும் பார்க்கும் இரு வாலுக்கு 1.96 என்று இரண்டு எண்களை மனத்தில் வைத்திருந்தால் 5 வீத மட்டத்துக்கு அது போதும். சிக்கல் வருவது ஈருறுப்பு, புவாசோன் போன்ற எண்ணிக்கைப் பரம்பல்களில்.

வகுப்பில் நான் கொடுத்த கணக்கு இது. வாடை ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்களில் திருகோணமலையிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகுகள் போகும். ஒரு படகுக்காரர், பத்துப் பயணத்தில் ஏழில் திமிங்கிலம் தெரியும் என்கிறார். அதாவது நிகழ்தகவு 0.7. எழுமாற்றாக எடுத்த 10 பயணங்களில் 4இல்தான் தெரிந்தது. அவர் கூட்டிச் சொல்கிறாரா என்று 5 வீத மட்டத்தில் சோதிக்க வேண்டும். சோதிக்கப்படும் கூற்றான சூனியக் கருதுகோள் 0.7, அதை நிராகரித்தால் ஏற்கும் மாற்றுக் கருதுகோள் 0.7ஐ விடக் குறைவு.

கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வரும் பிள்ளை ஒருத்தி, கணக்கில் கெட்டிக்காரி, முதல் ஆளாகக் கொப்பியை நீட்டினாள். சரியாக 4 வருவதற்கான நிகழ்தகவு 0.0368 என்று எழுதியிருந்தாள். “0.05ஐ விடக் குறைவுதானே ரீச்சர், நிராகரிக்கலாம்.” முடிவு சரி. வழி பிழை. காண வேண்டியது 4உம் அதற்குக் கீழே உள்ள எல்லாமும் சேர்ந்த நிகழ்தகவு, அதாவது வால் முழுவதும். அது 0.0473. இந்தக் கணக்கில் இரண்டு எண்ணும் 0.05இற்குக் கீழே விழுந்ததால் பிழை ஒளிந்துகொண்டது.

அது எவ்வளவு பெரிய பிழை என்று காட்ட ஒரு நாணயத்தை எடுத்தேன். கோடலற்ற நாணயத்தை 400 தடவை சுண்டினால் தலை சரியாக 200 தடவை விழுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.04. அவளுடைய முறைப்படி பார்த்தால், 200 தலை விழுந்த நாணயம் கோடலுள்ளது என்று தீர்ப்பு வந்துவிடும். எதிர்பார்த்தது அச்சொட்டாக நடந்ததற்கே அந்தத் தீர்ப்பு! அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஆனால் இந்தப் பிழை அவளோடு முடிகிற ஒன்றல்ல. பி பெறுமானத்தில் தொடங்கிய வருடங்களில் எல்லாம் இதே பிழையைத் திருத்தித் திருத்திக் களைத்திருக்கிறேன். காரணம் அந்த முறையிலேயே இருக்கிறது. தரவு 4 என்று கண்முன்னே கிடக்கும்போது பிள்ளையின் கை நேரே 4இற்குத்தான் போகும். வால் என்ற ஒன்றை அவள் தானாக நினைவில் கொண்டுவர வேண்டும்.

பிரதேசம் குறிக்கும் முறையில் அந்த வழுக்கலுக்கே இடமில்லை. தரவை மறைத்துவிட்டு, 0 முதல் 10 வரை ஒரு வரியில் எழுதச் சொல்வேன். இடது ஓரத்திலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். 0இற்கு 0.0000, 1இற்கு 0.0001, 2இற்கு 0.0014, 3இற்கு 0.0090, 4இற்கு 0.0368. இதுவரை கூட்டினால் 0.0473. அடுத்த 5இற்கு 0.1029; அதையும் சேர்த்தால் 0.1503 ஆகி 0.05ஐத் தாண்டிவிடும். ஆகவே 4இல் நிற்க வேண்டும். 0 முதல் 4 வரை பென்சிலால் ஒரு வட்டம். அதுதான் நிராகரிப்புப் பிரதேசம். கூட்டிக்கொண்டு வந்ததே வால் என்பதால் வாலை மறக்க வழியில்லை.

கல்குலேற்றர் இல்லாமல் அட்டவணையில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஈருறுப்பு அட்டவணைகள் பெரும்பாலும் 0.5 வரைதான் இருக்கும், 0.7இற்கு நிரல் இருக்காது. தெரியாத பயணங்களை எண்ணுங்கள், நிகழ்தகவு 0.3 ஆகிவிடும். 4 அல்லது அதற்குக் குறைவாகத் தெரிவது என்றால் 6 அல்லது அதற்குக் கூடத் தெரியாமல் போவது. 1இலிருந்து 0.9527ஐக் கழிக்க 0.0473. அந்த 0.9527, 5இற்கு உரிய நிரையில் இருக்கிறது. 6இற்கு உரிய நிரையில் கை வைத்தால் 0.0106 என்று வரும். அது 3 வரைக்குமான விடை.

வட்டம் போட்ட பிறகு வினாத்தாளின் மிச்சப் பகுதிகளும் அதிலிருந்தே வரும். உண்மையான பொருண்மை மட்டம் என்ன? 4.73 வீதம், முதலாம் வகை வழுவின் (உண்மையான சூனியக் கருதுகோளை நிராகரிக்கும் பிழையின்) நிகழ்தகவும் அதுதான். உண்மையில் நிகழ்தகவு 0.4 என்றால் இரண்டாம் வகை வழு (பொய்யான சூனியக் கருதுகோளை நிராகரிக்காமல் விடும் பிழை) எவ்வளவு? 0.4ஐ வைத்து 0 முதல் 4 வரை கூட்டினால் 0.6331, மிச்சம் 0.3669 விடை. பி பெறுமானம் மட்டும் கையில் இருப்பவர் இந்தக் கேள்விக்கு வந்ததும் திரும்பிப் போய்ப் பிரதேசத்தைக் கண்டுதான் ஆக வேண்டும். இரண்டு வகை வழு என்ற சிந்தனை புள்ளிவிபரவியலாளர்களான நெய்மனும் ஈகன் பியர்சனும் பிரதேசத்தோடு சேர்த்தே வளர்த்தது. அவர்களுடைய பெயர்பெற்ற கட்டுரை 1933இல் வந்தது. பி பெறுமானத்தைப் பரவலாக்கிய இன்னொரு புள்ளிவிபரவியலாளரான பிஷருக்கு அந்தப் போக்கு உடன்பாடில்லை. நம் பாடத்தில் இரண்டையும் கலந்து வைத்திருப்பதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

பி பெறுமானத்துக்கு உரிய மதிப்பையும் சொல்ல வேண்டும். மட்டத்தை 1 வீதமாக மாற்றினால் பிரதேசத்தைப் புதிதாகக் குறிக்க வேண்டும். அது 0 முதல் 2 வரை சுருங்கிவிடும். பி பெறுமானக்காரருக்கு அதே 0.0473 போதும், 0.01ஐ விடக் கூட என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். தெரிந்தது 4 என்றாலும் 2 என்றாலும் 5 வீதப் பிரதேசம் ‘நிராகரி’ என்று ஒரே பதிலைத்தான் சொல்லும். 0.0473இற்கும் 0.0016இற்கும் உள்ள தூரத்தைக் காட்டுவது பி பெறுமானம்தான். கம்பஸுக்குப் போனால் கணினி கொடுப்பதும் அதுவே. ஆனால் ‘சூனியக் கருதுகோள் உண்மையாக இருக்க 4.73 வீத வாய்ப்பு’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அது அப்படிப் பொருள்படாது என்று அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கமே 2016இல் அறிக்கை விட வேண்டியிருந்தது.

சிறு மாதிரிகளின் சராசரியைச் சோதிக்கப் பயன்படும் ரி பரம்பலில் நிலைமை வேறு. அச்சிட்ட ரி அட்டவணையில் அவதிப் பெறுமானங்கள்தான் (பிரதேசம் தொடங்கும் எல்லை எண்கள்தான்) இருக்கும். சுயாதீனப் பாகை 9 (10 அவதானிப்புகள் கொண்ட ஒரு மாதிரிக்கு, அதில் ஒன்று குறைவு), ஒரு வால், 5 வீதம் என்றால் 1.833. உங்கள் கணிப்பு 2.1 என்று வந்தால் பி பெறுமானம் 0.025இற்கும் 0.05இற்கும் இடையில் என்பதற்கு மேல் அட்டவணையால் சொல்ல முடியாது.

இரு வால் சோதனையில் எந்த முறை பிள்ளைகளுக்கு இலகு என்பதில் எனக்கு இன்னும் உறுதியில்லை. இதே படகுக் கணக்கை இரு வாலாக்கினால் ஒவ்வொரு பக்கமும் 2.5 வீதம். கீழே 0 முதல் 3 வரை வரும். மேலே 10 பயணத்திலும் தெரிவதற்கான நிகழ்தகவே 0.0282 என்பதால் அந்தப் பக்கம் பிரதேசமே கிடையாது. வட்டம் போட இடமில்லாமல் இரண்டு பிள்ளைகள் பேனாவோடு அப்படியே இருந்துவிட்டார்கள். 10 பயணத்திலும் தெரிந்தது என்று தரவைக் கொடுத்தபோது, பி பெறுமானத்தில் 0.0282ஐ இரட்டித்து 0.0564, நிராகரிக்க முடியாது என்று எழுதியவர்கள் சீக்கிரம் முடித்தார்கள். ஒரு வருட அனுபவம், ஏழு பிள்ளைகள். இதை வைத்து இரு வாலுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒரு வாலுக்கு என் தெரிவு பிரதேசம்தான். முதல் இரண்டு கிழமையும் பி பெறுமானம் என்ற சொல்லையே எடுப்பதில்லை, அப்புறம்தான் அறிமுகம். கிண்ணியாப் பிள்ளை இப்போது கேள்வியை வாசித்ததும், தரவைப் பார்க்க முன்னமே 0, 1, 2 என்று வரியை எழுதத் தொடங்கிவிடுகிறாள்.