வெளஞ்ச சோயாவ பெரிய பிளாஸ்டிக் பையில வைக்கலாமா, வித்து பேங்க்ல போடலாமா?

அர்ஜென்டினா விவசாயிங்களுக்கு வருஷா வருஷம் வர்ற குழப்பம் இது.

விலைவாசி: 2023ல பணவீக்கம் 211 சதவீதம், பெசோவா (அந்த ஊர் காசு) வச்சிருந்தா கரைஞ்சே போயிரும், சோயாவுக்கு விலை டாலர் கணக்குலங்கறதால தாக்குப்பிடிக்கும்.

அரசாங்கம்: அப்போ ஏற்றுமதி வரி 33 சதவீதம், டாலர் வாங்கவும் கட்டுப்பாடு. வித்தாதான் அடி. 2022 செப்டம்பர்ல அரசே இறங்கி வந்து சோயாவுக்கு மட்டும் வழக்கமான ரேட்ட விட கூட்டி டாலருக்கு 200 பெசோ குடுத்துச்சு, காத்திருந்தவனுக்கு லாபம்.

பாதுகாப்பு: சிலோ பைங்கறது 60 மீட்டர் நீள பிளாஸ்டிக், 200 டன் புடிக்கும், ஈரம் இருந்தா பூசணம் பூத்துரும், ராத்திரியில கிழிச்சிட்டும் போவாங்க. பேங்க்ல அந்த தொல்லை இல்ல (2001ல டெபாசிட்டையே முடக்குனாங்க, அது வேற கதை!).

விதை, டீசல் கடனுக்கு வேணுங்கறத வித்துரலாம். அவசரமில்லாதது பையிலயே கெடக்கட்டும்.