ஐஸ் பேக் வியர்க்கும் வரை

அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில், முட்டைத் தட்டுக்குப் பின்னால் எட்டுச் சிறிய குப்பிகளை வைத்துவிட்டு, கதவை அடிக்கடி திறக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்த ஐந்தாம் நாள் இரவு கரண்ட் போயிற்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பதை அங்கே பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த அந்தக் காற்றில் பக்கத்துத் தோட்டத்துத் தென்னை ஒன்று முறிந்து லைன் மேலேயே சாய்ந்துவிட்டது. சிறு வயதில் கரண்ட் போனால் திண்ணையில் பாய் விரித்து அம்மாயியிடம் கதை கேட்போம். எனக்கு அது கொண்டாட்டம். அதே திண்ணையில் இந்த முறை ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருந்த வெப்பமானியின் எண்ணைக் கைப்பேசியில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நான்கில் இருந்தது ஐந்தாகி, நள்ளிரவில் ஆறாகியது.

அந்தக் குப்பிகள் என் மகளுடையவை. எட்டு வயதாகும் அவளுடைய உடலில் அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி போதிய அளவு உருவாவதில்லை. அந்த நொதி இல்லையென்றால் டிஆக்ஸி அடினோசின் என்ற பொருள் தேங்கி, நோயை எதிர்க்க வேண்டிய லிம்போசைட் அணுக்களையே நஞ்சாகக் கொல்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே இது உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றிவிடும். இவளுக்குச் சற்றுத் தாமதமாக வெளிப்பட்ட வகை என்பதால், பிறந்தவுடன் குதிகாலில் எடுத்த ரத்தத் துளிச் சோதனையில் அது பிடிபடவில்லை. மூன்று வயதுக்குள் மூன்று முறை நிமோனியா வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து, உடல் செய்யாத நொதியை ஊசியாகத் தசையில் ஏற்றுகிறோம். 1990-இல் முதன்முதலாக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து மாட்டின் குடலில் இருந்து எடுத்த நொதியால் ஆனது. 2018-இல் ஆய்வகத்தில் மரபணு முறையில் உருவாக்கிய எலாபெகாடெமேஸ் வந்தது. ரத்தத்தில் சில நாட்களாவது தங்க வேண்டும் என்பதற்காக அதைப் பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளோடு பிணைத்திருக்கிறார்கள். எடைக்குக் கணக்கிட்டு வாரம் இரண்டு ஊசி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மில்லி லிட்டர் கொண்ட ஒரு குப்பி. இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது, உறையக் கூடாது, குலுக்கக் கூடாது. நம் ஊர் மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி வாங்கக்கூடிய மருந்து அல்ல இது. கொண்டுவந்த எட்டில் அதுவரை ஒன்றைத்தான் செலவழித்திருந்தோம்.

இரவு ஒரு மணிக்கு, அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் நியூஜெர்சியில் எங்களுக்கு மருந்து அனுப்பும் மருந்தகத்தை அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒருவர் பேசினார், விவரங்களைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டார், மருந்தாளுநர் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்ப அழைப்பார் என்றார். ஒவ்வொரு மாதமும் தெர்மாகோல் பெட்டியும் கையெழுத்தும் வெப்பநிலைப் பட்டையுமாக வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கும் அந்த ஒழுங்கை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒழுங்கு எங்கள் வாசலோடு முடிந்துவிடுகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

விடியும்போது ஏழரை டிகிரி. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு பேக்கரியில் இருந்து தம்பி கல்லாக உறைந்த நான்கு ஐஸ் பேக்குகளை வாங்கிவந்தான். குப்பிகளை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்து, ஐஸ் பேக்குகளைத் தனியாக எடுத்துக்கொண்டு, டவுனில் உள்ள பெரிய தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். பளிங்குத் தரையும் டோக்கன் இயந்திரமும் இருந்த அந்த இடத்தில், வெளியே வாங்கிய மருந்தை உள்ளே வைக்க முடியாது, குழந்தையை அட்மிட் செய்தால் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நோயில்லாத பிள்ளையை எதற்கு அட்மிட் செய்வது? தெரியாத மருந்துக்குப் பொறுப்பேற்கத் தயங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் கெஞ்சிக்கொண்டிருந்த இருபது நிமிடமும் அந்தப் பை கண்ணாடி வழியே வெயில் விழுந்த மேசை மேல் கிடந்தது. அதை ஒரு கை நகர்த்தி நிழலில் வைக்கலாம் என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. அமெரிக்காவில் இருந்து வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் பில் தொகையைப் பற்றி மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்.

அம்மாதான் நம் ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். ஓடு வேய்ந்த பழைய ஆரம்ப சுகாதார நிலையமாக (பி.எச்.சி.) நான் அறிந்திருந்த இடம் இப்போது குடும்ப சுகாதார மையமாகியிருந்தது. தடுப்பூசி அறையில் இருந்த சிஸ்டர் மலையாளம் கலந்த தமிழில் விசாரித்தார். கதையைக் கேட்கும் முன்பே பையை வாங்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிழலில் வைத்தார். பிறகு என் கையில் இருந்த ஐஸ் பேக்குகளைப் பார்த்தார்.

“இதை இப்படியே மருந்து கூட வைக்கலியே?”

“இல்ல சிஸ்டர், இனிமேல்தான் வைக்கணும்.”

“வைக்காதீங்க. உறைஞ்சா மருந்து போச்சு.”

நான்கையும் மேசையில் இடைவெளி விட்டு அடுக்கினார். அவை வியர்க்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றார். வெள்ளைப் பூத்திருந்த பிளாஸ்டிக்கின் மேல் மெல்ல ஈரம் படர்ந்து, துளிகள் திரண்டு, மேசையில் வட்டமாகத் தேங்கின. சிஸ்டர் ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார், கீழே வைத்தார். சிறிது நேரம் கழித்து மறுபடி ஆட்டினார். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டதும் என் காதருகிலும் ஆட்டிக் காட்டினார். அந்தச் சத்தம் வந்தால் ஐஸ் பூஜ்யம் டிகிரிக்கு வந்துவிட்டது, இனிப் பக்கத்தில் இருப்பதை உறைய வைக்காது என்பது கணக்கு. பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் வீணாகிவிடும் என்பதால் புதன்கிழமைதோறும் அவர் செய்கிற வேலை இது. ஐந்து ஆண்டுகளாக இந்த மருந்தோடு வாழ்ந்தும், பயணப் பையில் ஜெல் பேக்குகளை ஃப்ரீசரில் இருந்து எடுத்து நேராக அடுக்கித்தான் எனக்குப் பழக்கம். எங்கள் பையின் உறை தடிமனாக இருந்ததால் தப்பித்திருக்கிறோம்.

தடுப்பூசிகள் இருக்கும் மேல்திறப்புக் குளிர்பெட்டியில் குப்பிகளை வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார், அதில் அரசுத் தடுப்பூசி தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்பது விதி. பெட்டியின் மேலேயே ஒரு நோட்டு இருந்தது. காலையும் மாலையும் வெப்பநிலையை எழுதி, விடுமுறை நாள் உட்பட ஒரு கட்டம் கூடக் காலியாக இல்லாமல் நிரப்பியிருந்தார்கள். விதியை மீறாமலே வழி செய்தார். அங்கிருந்த டாக்டரிடம் எங்கள் மருத்துவர் தந்த கடிதத்தைக் காட்டி, மருந்தகத்தில் இன்சுலின் வைக்கும் இன்வெர்ட்டர் இணைப்புள்ள ஃப்ரிட்ஜில் குப்பிகளை வைக்க அனுமதி வாங்கினார். ஊசி நாளன்று எடுத்துப் போக நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி ஒன்றையும் கொடுத்தார்.

என்னை உண்மையில் உலுக்கியது அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான். டாக்டர் கடிதத்தைப் படித்துக் காட்டி நோய் என்னவென்று சொன்னபோது, சிஸ்டர் பதிவேட்டைப் புரட்டினார். “உங்க தம்பி குழந்தைக்குப் போன புதன்கிழமைதானே பத்தாவது வாரச் சொட்டு மருந்து கொடுத்தேன். இந்தப் பிள்ளையும் அதே வீட்டிலயா?”

போலியோ சொட்டு மருந்தும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும் உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ்கள். அவை குழந்தையின் மலத்தில் பல வாரம் வெளியேறும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அதனால் ஒன்றுமில்லை, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு ஆபத்தாகலாம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து போலியோவுக்கு ஊசி மட்டுமே போடுவதால், பயண ஆலோசனையில் சொன்ன எச்சரிக்கை என் நினைவில் தங்கவே இல்லை. வந்த நாளிலிருந்து என் மகள் அந்தக் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. இந்தச் சொட்டு மருந்தால்தான் நம் நாடு போலியோ இல்லாத நாடாயிற்று. அதன் மேல் எனக்குக் குறையில்லை. அன்று மாலையே நானும் மகளும் வேலந்தாவளத்தில் அத்தை வீட்டுக்கு மாறினோம். அமெரிக்காவில் உள்ள எங்கள் டாக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கு முதல் ஆறு வாரம் நெருங்கிய தொடர்பு வேண்டாம், சிஸ்டர் கவலைப்பட்டது சரி என்று பதில் வந்தது. மகளுக்கு எதுவும் நேரவில்லை.

அத்தை வீட்டில் வேறொரு பேச்சு. என் கணவர் அந்த அத்தையின் மகன்தான். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஒரு பெரியம்மா முகத்துக்கு நேரே சொன்னார். இருவருமே பழுதான மரபணு ஒன்றைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, சொந்தத்தில் அந்தப் பொருத்தம் அமைவது எளிது, அது உண்மை என்றேன். அழுகை வரவில்லை. இதே குறையோடு இங்கே பிறக்கும் பிள்ளையை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. யாரும் கண்டறியும் முன்பே அதற்கு காசநோய்க்கு எதிரான, உயிருள்ள கிருமி கொண்ட பி.சி.ஜி. ஊசி போட்டாகிவிடும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்த வகை எதிர்ப்புக் குறைபாடு, எலும்பு மஜ்ஜை மாற்றம் போல ஒருமுறைச் சிகிச்சையால் தீரக்கூடிய முதல் பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிகிச்சை வரை பிள்ளை தாங்க வேண்டுமே.

மீதி ஊசிகளை சிஸ்டர் முன்னிலையில் நானே போட்டேன். கிளம்பும் நாளில் மிஞ்சிய இரண்டு குப்பிகளையும் வியர்த்த ஐஸ் பேக்குகளுக்கு நடுவில் அவரே அடுக்கி, கோயம்புத்தூர் விமான நிலையம் வரை நீலப் பெட்டியைக் கொண்டுபோகச் சொன்னார். பணம் கொடுக்கப் போனேன், கையை விலக்கினார். புதன்கிழமைக்குள் பெட்டி திரும்பி வந்தாக வேண்டும் என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். விமானம் ஏறும் முன் குப்பிகளை எங்கள் பைக்கு மாற்றினேன். தம்பி செவ்வாய் மாலையே பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.