ஸ்டீம் டெக் ஓஎல்இடி வாங்கலாமா? வாங்கியவனின் முதல் அபிப்ராயம்

ஸ்டீம் என்பது கணினி கேம்களை விற்கும் இணையக் கடை, ஸ்டீம் டெக் அந்தக் கேம்களைக் கையில் பிடித்து விளையாடுவதற்கான கைக்கணினி. உங்கள் ஸ்டீம் கணக்கில் விளையாடாத கேம்கள் ஒரு ஐம்பது அறுபது ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால், கணக்கே இனிமேல்தான் தொடங்கப்போகிறீர்கள் என்றால், நம் ஊருக்கு வந்து சேரும் விலையில் இதை வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ஸ்டீம் 2015 கடைசியில் ரூபாயில் விலை போடத் தொடங்கியதிலிருந்து கோடைத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி என்று ஒன்றையும் விடாமல், 150 ரூபாய்தானே, 200 ரூபாய்தானே என்று வாங்கிப் போட்டவன் நான். வாங்கினேனே தவிர விளையாடவில்லை. நாள் முழுக்க ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்து, ராத்திரி திரும்பவும் அதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் உட்கார யாருக்கு மனசு வரும்? அந்தக் குவியலைத் திறக்க ஒரு சாவி தேவைப்பட்டது. இது அதுதானா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் ஆமாம்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீமை நடத்தும், இந்தச் சாதனத்தையும் செய்யும் வால்வ் நிறுவனம் இதை இந்தியாவில் விற்பதில்லை. ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்பது, விலையும் ஆளைப் பொறுத்து ஏறும் இறங்கும். எனக்கு டல்லாஸிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் கொண்டுவந்து கொடுத்தார். 512 ஜிபி மாடல், அப்போது 549 டாலர், அதற்கு மேல் அந்த ஊர் வரி, ஆகமொத்தம் நம் பணத்தில் 50,000 ரூபாயை ஒட்டி வந்தது. வாரண்டி அங்கேதான் செல்லும். நாளைக்கு ஏதாவது ஆனால் யாராவது ஊருக்குப் போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும், அல்லது கைதேர்ந்த ஒரு மெக்கானிக்கைப் பிடிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நன்றாக யோசித்துவிட்டு வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பெட்டி சாதாரணப் பழுப்பு அட்டை. உள்ளே ஜிப் வைத்த ஒரு உறை, உறைக்குள் சாதனம், பக்கத்தில் சார்ஜர், அவ்வளவுதான். உறை தனியாக வாங்கத் தேவையில்லை என்பது சந்தோஷம். பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, பயப்படாதீர்கள், பேட்டரியை உறக்க நிலையில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள், சார்ஜரைச் செருகியதும் உயிர் வரும். வைஃபை கேட்கும், அப்டேட் இறங்கும், பிறகு திரையில் வரும் க்யூஆர் கோடை மொபைலில் இருக்கும் ஸ்டீம் ஆப்பால் ஸ்கேன் செய்தால் கணக்குக்குள் போய்விடும். கடவுச்சொல்லை அந்தச் சின்ன விசைப்பலகையில் தட்ட வேண்டிய அவஸ்தை இல்லை. மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, இந்திய மொழி எதுவுமே இல்லை, பழகிப்போன விஷயம்தான்.

சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கப் பெட்டியில் வரும் 45 வாட் சார்ஜருக்குத் தட்டைப் பின், நம் பிளக்கில் அடாப்டர் போடாமல் நிற்காது. வீட்டில் டைப்-சி லேப்டாப் சார்ஜர் இருந்தால் அதையே போடலாம், நானும் அதைத்தான் செய்கிறேன். மொபைலோடு வரும் 67 வாட், 80 வாட் என்று போட்ட சார்ஜர்களை நம்ப வேண்டாம். அவற்றில் பல அந்தந்தக் கம்பெனி போனுக்கு மட்டுமே அந்த வேகத்தைக் கொடுக்கும், இதில் செருகினால் மெதுவான சார்ஜர் என்று திரையிலேயே எச்சரிக்கை வரும்.

இனி திரை. ஓஎல்இடி, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை. 7.4 அங்குலம், 1280க்கு 800 பிக்சல். இன்றைக்கு 15,000 ரூபாய் போனில்கூட இதைவிட அதிகப் பிக்சல் உண்டு என்று மச்சான் கிண்டல் செய்தார். எண்ணாகப் பார்த்தால் உண்மைதான். ஆனால் ஹாலோ நைட் என்ற கேமைப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பூச்சி ராஜ்ஜியத்தின் இருட்டுக்குள் இறங்கிப் பாருங்கள், திரை எங்கே முடிகிறது, அதைச் சுற்றியிருக்கும் கறுப்புச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. 2022இல் வந்த பழைய எல்சிடி மாடலை நண்பனிடம் பார்த்திருக்கிறேன், அதில் கறுப்பு என்பது ஒரு மாதிரிச் சாம்பல். 2023 நவம்பரில் வந்த இந்த மாடலில் அந்தக் குறை சுத்தமாக இல்லை. திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தை மாற்றுகிறது என்ற வேகமும் 60லிருந்து 90 ஹெர்ட்ஸுக்கு ஏறியிருக்கிறது. குறை என்னவென்றால் கண்ணாடி பளபளப்பு. பகலில் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் இருட்டான காட்சிகளில் என் மூஞ்சிதான் தெரிகிறது, ராத்திரியில் தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்தால் ஒரு வெள்ளைக் கோடு. பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி 1 டிபி மாடலில் மட்டும்தான், நான் வாங்கியபோது அதற்கு 100 டாலர் கூடுதல். அப்புறம் எழுத்துகள். பெரிய மானிட்டருக்காகச் செய்த கேம்களில் எழுத்து எறும்பு சைஸில் வருகிறது. ஸ்டீம் பட்டனைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் மேல் விளிம்பில் இருக்கும் எல்1 பட்டனை அழுத்தினால் உருப்பெருக்கி ஒன்று வரும், உதவிதான், ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்தால் முதலில் தோன்றுவது, அடேயப்பா, இவ்வளவு பெரிசா என்பதுதான். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் அகலம், 640 கிராம் எடை. உட்கார்ந்து மடியில் தலையணை வைத்து விளையாடினால் ஒன்றும் தெரியாது, பிடி கையில் அழகாக உட்காருகிறது. மல்லாந்து படுத்து மூஞ்சிக்கு மேலே தூக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். தூக்கத்தில் நழுவி மூக்கில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

மற்ற கைக்கணினிகள் பெரும்பாலானவற்றில் காணாத ஒன்று இதில் இருக்கிறது, இரண்டு பக்கமும் சதுரமான டச்பேட். போட்டோவில் பார்த்தபோது எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நினைத்தேன். சிவிலைசேஷன் 6 போட்ட பிறகுதான் அதன் அருமை புரிந்தது. வலது கட்டைவிரலைத் தேய்த்தால் சுட்டி நகர்கிறது, தேய்க்கத் தேய்க்க விரலுக்கு அடியில் சின்னச் சின்னதாக டிக் டிக் என்று ஒரு அதிர்வு, பந்து வைத்த பழைய மவுஸ் உருளுகிற உணர்வு. மவுஸ் இல்லாமல் விளையாடவே முடியாது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த உத்தி விளையாட்டுகள் பாதி இதனால் திரும்ப வந்துவிட்டன. பின்பக்கம் நான்கு பட்டன் உண்டு, நமக்கு வேண்டிய வேலையை அவற்றுக்குக் கொடுத்துக்கொள்ளலாம். அவை கொஞ்சம் முரடு, அழுத்தி அமுக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பட்டன் எதைச் செய்ய வேண்டும் என்று மாற்றும் பட்டியலோ ஒரு கடல், அதில் இறங்கினால் கேம் விளையாடுவதை மறந்துவிடுவீர்கள். மற்றவர்கள் செய்து பகிர்ந்த அமைப்புகளில் நன்றாக ஓட்டு வாங்கியதை எடுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பது நல்லது.

ஆனால் எனக்கு இந்தச் சாதனத்தின் உயிர் திரையிலும் இல்லை, டச்பேடிலும் இல்லை, மேலே வலது மூலையில் இருக்கும் அந்தக் குட்டிப் பவர் பட்டனில்தான் இருக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் கேம் இருந்த இடத்தில் அப்படியே உறைந்து சாதனம் தூங்கிவிடும். குக்கர் விசில், கேஸ் சிலிண்டர்க்காரர், "அப்பா, இந்தக் கணக்கு வரல" என்று நோட்டோடு வரும் பையன், எது வந்தாலும் ஒரு அழுத்து. திரும்ப வந்து அழுத்தினால் சில நொடிகளில் குதித்துக்கொண்டிருந்த ஆள் அந்தரத்திலிருந்தே மிச்சக் குதியை முடிக்கிறான். நம் வீடுகளில் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் யாரும் நம்மை விளையாட விடமாட்டார்கள், துண்டு துண்டாகப் பத்து நிமிடம் கிடைக்கும். விண்டோஸ் கணினியில் ஆன் செய்து, லாகின் செய்து, கேம் திறந்து, கம்பெனி லோகோக்களையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் அந்தப் பத்து நிமிடம் போய்விடும். இங்கே அது முழுசாகக் கையில் கிடைக்கிறது. பல வருஷமாகத் தொடாமல் கிடந்த ஹேடிஸ் என்ற கேமை இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: தூங்க வைப்பது வேறு, கேமை மூடுவது வேறு. இங்கே பாதியில் தூங்க வைத்துவிட்டு மேசைக் கணினியில் தொடரலாம் என்று போனால், பெரும்பாலான கேம்களில் கடைசியாகச் சேமித்தது மேகத்துக்கு, அதாவது ஸ்டீமின் இணையச் சேமிப்புக்குப் போயிருக்காது. வீட்டில் இரண்டு இடத்தில் விளையாடுகிறவர்கள் கேமை ஒழுங்காக மூடிவிட்டுப் போங்கள்.

வேகம் எப்படி என்று கேட்பீர்கள். இது விண்டோஸில் இல்லை, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் ஓடும் சாதனம், ஆனால் விண்டோஸுக்காகச் செய்த கேம்களைப் புரோட்டான் என்ற ஒரு அடுக்கு இடையில் நின்று மொழிபெயர்த்து ஓட்டுகிறது. கேம் கேட்கும் விண்டோஸ் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி அப்போதைக்கப்போது மாற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை. இது நடப்பதே தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம். எல்டன் ரிங்கை நொடிக்கு 30 ஃபிரேமில், அதாவது 30 படத்தில் கட்டிப்போட்டால் உறுத்தாமல் ஓடுகிறது. சைபர்பங்க் 2077இல் இதற்கென்றே ஒரு தயார் அமைப்பு வைத்திருக்கிறார்கள். இதைவிடப் புதிய, கனமான கேம்களுக்கு இது ஏற்றதில்லை, சிப் 15 வாட்டுக்குள் வாழ வேண்டியது, அதனிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தினால் ஃபிரேம் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம். நான் பல கேம்களை 45இல் வைக்கிறேன். திரை 90இல் ஓடுவதால் இழுவை தெரிவதில்லை, பேட்டரியும் மிச்சம்.

பேட்டரி 50 வாட்-மணி, பழையதில் 40. கம்பெனி 3 மணி முதல் 12 மணி வரை என்கிறது. கனமான கேம் என்றால் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினாலே பெரிசு, ஸ்டார்டியூ வேலி மாதிரி லேசானதென்றால் சாயங்காலம் முழுக்கத் தாங்குகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட்டை நிறுத்திவிடுவார்களே, அன்றைக்கு இதன் மதிப்பே தனி. மின்விசிறியோ சத்தமே இல்லாமல் சுற்றுகிறது, சூட்டுக் காற்று மேல்பக்கமாக வெளியே போவதால் உள்ளங்கை வேகவில்லை. ஏசி இல்லாத சித்திரை மாதத்து அறையில் என்ன ஆகும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இடப் பிரச்சினை உண்டு. 512 ஜிபி கேட்பதற்குப் பெரிசு, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 120 ஜிபியை விழுங்கும். மைக்ரோ எஸ்டி கார்டு போட்டுக்கொள்ளலாம், சின்னக் கேம்களுக்குத் தாராளம். இன்னொரு நல்ல வசதி, மேசைக் கணினியில் ஏற்கெனவே இறக்கிய கேம் என்றால் அதை இணையத்திலிருந்து மறுபடி இறக்காமல் வீட்டு வைஃபை வழியாகவே இதற்குக் கடத்திக்கொள்ளலாம். பிராட்பேண்ட் டேட்டாவுக்கு மாதாமாதம் வரம்பு இருக்கிற வீட்டில் இது சின்ன உதவியில்லை.

குவியலில் கிடந்தவற்றில் வெண்பா என்ற கேமும் ஒன்று. 2023இல் வந்தது, டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது, எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லித் தட்டை எப்படி அடுக்க வேண்டும், புட்டுக்கு எதற்குப் பிறகு எதைப் போட வேண்டும் என்று நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஏனோ தொடவே தோன்றவில்லை. இதில் சோபாவில் சாய்ந்துகொண்டு ஒரே மூச்சில் முடித்தேன், சின்னக் கேம்தான். கேம் என்றாலே முகம் சுளிக்கும் என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, இட்லி ஊற்றும் இடத்தில் "கொடுங்க இப்படி" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இந்த வீட்டில் கேம் பட்டனைத் தொட்ட இரண்டாவது ஆள்.

ஓடாதவை எவை என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்காமல் வாங்கிவிட்டு வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம். வாலரண்ட் ஓடாது, ஃபோர்ட்நைட் ஓடாது, பப்ஜி ஓடாது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதற்காக இவற்றில் இருக்கும் காவல் மென்பொருள்கள் லினக்ஸை உள்ளே விடுவதில்லை. ஜிடிஏ ஆன்லைன் ஓடிக்கொண்டிருந்தது, 2024 செப்டம்பரில் அதிலும் ஒரு காவலைப் போட்டார்கள், அதோடு சரி. தனியாக உட்கார்ந்து கதை விளையாடுகிறவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, கூட்டாளிகளோடு ராத்திரி கூடுகிறவருக்கு இது செல்லாக்காசு.

விண்டோஸ்தான் வேண்டும், வாரண்டியும் இங்கேயே வேண்டும் என்றால் ஏசுஸின் ராக் அலை (ROG Ally) என்ற கைக்கணினியை இந்தியாவிலேயே விற்கிறார்கள், 2023இல் 69,990 ரூபாய்க்கு வந்தது. சிப் இதைவிட வேகம், ஆனால் தூங்கி எழும் விஷயத்தில் விண்டோஸை இந்த அளவுக்கு நம்ப முடியாது. எதிர்வீட்டுப் பையன் பிளஸ் டூ முடித்தவன், ஸ்டீம் டெக் வாங்கித் தரச் சொல்லி அவன் அப்பாவிடம் பேச என்னைத் தூது போகச் சொன்னான். என்னடா விளையாடுவ என்றேன், வாலரண்ட் அங்கிள் என்றான். அதற்கு இதுவும் வேண்டாம், ராக் அலையும் வேண்டாம், காலேஜுக்கு எப்படியும் லேப்டாப் வாங்கித்தானே ஆக வேண்டும், அதையே கிராபிக்ஸ் கார்டு உள்ளதாகக் கேள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.