9,000 ஆர்பிஎம் எஞ்சின் எங்கே தேய்கிறது? ஹோண்டா எஸ்2000, பல வருட ஓட்டத்துக்குப் பின்

"இவ்வளவு சுத்துற எஞ்சின் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்னுடைய 2003 ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காரைப் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. பயத்தில் நியாயம் இருக்கிறது. 84 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) கொண்ட இந்த எஃப்20சி எஞ்சின் 9,000 ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு 9,000 சுற்றைத் தொடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டர். விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், 6,000-இல் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு தாங்கியதைப்போல இரண்டேகால் மடங்கை இங்கே தாங்க வேண்டும்.

டொரண்டோவில் பல வருஷம் ஓட்டிய பிறகு என் கணிப்பு வேறு. எஞ்சினை வேகமாகச் சுழற்றி ரெவ் எடுப்பதால் இது கெடுவதில்லை. ஆயில் சூடேறுவதற்குள் எடுத்தாலும், ஆயில் குறைந்த நிலையில் எடுத்தாலும்தான் கெடும். கூலன்ட் மீட்டர் சீக்கிரமே நார்மலுக்கு வந்துவிடும், ஆயில் பின்தங்கியே வரும். அதற்கென்று மீட்டரும் கிடையாது. கால் மணி நேரமாவது 4,000-க்குக் கீழேயே வைத்திருப்பேன். அதற்குப் பிறகு 6,000-ஐ ஒட்டி, வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் வீடெக் அமைப்பு மாறும் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் ஓட்டுவதானால் இந்தக் காரை வாங்கியிருக்கவே வேண்டாம்.

ஃபில்டரோடு மாற்றினால் 4.8 லிட்டர் ஆயில் பிடிக்கும். விரட்டி ஓட்டினால் கொஞ்சம் குடிக்கும், ஆகவே பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சிலிண்டரின் உள்சுவரான லைனர் ஃபைபர் கலந்த அலுமினிய வகை. அதில் கீறல் விழுந்தால், பழைய இரும்பு பிளாக் மாதிரி லேத்தில் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுச் சுலபமாகத் தப்பிக்க முடியாது.

டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள சந்து) எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகே அளக்க வேண்டும்: இன்டேக் 0.21 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.29. ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அட்ஜஸ்ட் செய்து கொடுத்தார்கள். காலையில் வால்வு கவரைக் கழற்றி மறுபடி நானே சரிசெய்தேன். டைமிங் பெல்ட் தொல்லை கிடையாது, செயின்தான். ஆனால் அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் தளர்ந்து, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோலச் சத்தம் வருவது இந்த மாடலில் எல்லாரும் அறிந்த விஷயம். என்னுடையதில் இன்னும் வரவில்லை, காது மட்டும் அந்தப் பக்கமே இருக்கிறது.

பழைய எஸ்2000 வாங்குகிறவர்கள் கிலோமீட்டரைவிட, முந்தைய ஓனர் கியர் போட்ட விதத்துக்குத்தான் பயப்பட வேண்டும். எஞ்சின் எல்லை வேகத்தைத் தொட்டதும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும், அவ்வளவுதான். ஐந்திலிருந்து நான்குக்குப் போவதாக நினைத்து இரண்டில் தள்ளினால், சக்கரங்களே எஞ்சினை 9,000-க்கு மேல் சுழற்றிவிடும். அங்கே லிமிட்டருக்கு வேலையில்லை. வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரீடெய்னரில் விரிசல் விழுந்து, பல மாதம் கழித்து வால்வு உள்ளே விழுந்த கார்களும் உண்டு. எனவே வால்வு கவரைக் கழற்றிப் பார்க்கச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். பின்னால் வந்த 2.2 லிட்டர் எஸ்2000 மாடலின் ரீடெய்னர் இன்னும் உறுதியானது, பலர் அதையே மாற்றிப் போடுகிறார்கள்.

உண்மையில் என் காசு எஞ்சினுக்குப் போகவில்லை. பின் டயர்களுக்கும், சாலை உப்பில் துருப்பிடித்து இறுகிப்போன சஸ்பென்ஷன் அலைன்மென்ட் போல்ட்டுகளுக்கும்தான் போனது. அந்தப் போல்ட்டுகளை அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது.