பனையில் கட்டிய கமரா: மூன்று வருட அனுபவம்

நெல்லியடிக்குப் பக்கத்தில் எங்கள் வளவு. இரவில் ஏதோ ஒன்று கோழிக்கூட்டை உடைக்கத் தொடங்கியதால் 2022 பங்குனியில், விலங்கு நடமாடினால் தானாகப் படமெடுக்கும் கமரா இரண்டு வாங்கினேன். ஒன்றைப் பனையிலும் மற்றதை வேம்பிலும் கட்டினேன். படம் இரண்டிலும் நன்றாகவே வருகிறது. எனக்கு அதிக வேலை வைத்தது அவற்றை மரத்தில் கட்டுவதுதான்.

முதல் நாள் சுத்தியலும் ஆணியுமாகப் பனையடிக்குப் போனேன். கள்ளுச் சீவ வந்த அண்ணை கண்டுவிட்டுத் தடுத்தார். "தம்பி, வேம்பு காயத்தை மூடிப்போடும், பனை மூடாது. ஆணி அடியாதை, கட்டு." அவர் சொன்னது முழு உண்மை. பனைக்குப் புதுப் பட்டை வளர்ந்து காயம் ஆறுவதில்லை. ஆணித் துளை அப்படியே நிற்கும்.

பெட்டியோடு வந்த நைலோன் பட்டி பனைக்கு ஒரு சுற்றுத்தான் எட்டியது. சோளகம் வீசத் தொடங்கியதும் கமரா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, இரண்டு கிழமையாக வேலியைப் படமெடுத்திருக்கிறது. பிறகு நீளப் பட்டி வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றி, கமராவின் முதுகுக்கும் மரத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை வைத்து இறுக்கினேன். இன்றுவரை அசையவில்லை. கீழ்நோக்கிச் சாய்க்க, முதுகின் மேல்பக்கம் ஒரு மட்டைத் துண்டைச் செருகினால் போதும்.

வேம்பு பருக்கிற மரம். ஒரு வருடம் கவனியாமல் விட்டேன், பட்டி பட்டைக்குள் இறங்கிவிட்டது. பார்த்தபோது மனம் நொந்தது. இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுகிறேன். முதிர்ந்த பனை அப்படிப் பருக்காது, ஆனால் காவோலையும் பழமும் மேலிருந்து விழும். அதற்காகக் கமராவுக்கு மேலே ஒரு தகரத் துண்டை வளைத்துக் கட்டியிருக்கிறேன். 2024 கார்த்திகையில் பெங்கல் புயல் மழை கொட்டியபோதும் அந்தத் தகரம் காப்பாற்றியது.

உயரம் முழங்காலளவு. நெஞ்சளவில் கட்டினால் சிறிய விலங்குகள் தப்பிவிடும். மாரியில் வெள்ளம் நிற்கும் என்று தெரிந்தால் இடுப்பளவுக்கு ஏற்றிவிடுவேன். கிழக்குப் பார்க்கக் கட்டியபோது காலை வெயிலில் வெறும் படங்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தன, வடக்குப் பார்க்கத் திருப்பியதும் குறைந்தன. சித்திரை மத்தியானங்களில் மட்டும் எப்படிக் கட்டினாலும் சில விலங்குகள் தப்பும், ஏனென்றால் கமரா பிடிப்பது உடற்சூட்டுக்கும் சுற்றுச்சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. அப்புறம், பக்கத்து வளவின் கிணற்றடி படத்தில் விழக்கூடாது. கட்டி முடித்ததும் ஒரு படம் எடுத்து இதை நிச்சயமாகப் பாருங்கள்.

களவுக்குப் பயந்து இரும்புக் கம்பி வடமும் பூட்டும் போட்டிருக்கிறேன். முதல் பூட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகி, வெட்டித்தான் எடுத்தோம். இப்போது பித்தளைப் பூட்டு. மாதம் ஒருமுறை பற்றரி பார்க்கப் போகும்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன்.

கூட்டை உடைத்தது மரநாய். ஒரு தாயும் இரண்டு குட்டிகளும். பனம்பழம் விழும் மாதங்களில் அவை கூட்டுப் பக்கம் வந்த படம் ஒன்றுகூட இல்லை, இரவெல்லாம் பனையடியில்தான். அதனால் இப்போது அம்மா பழம் பொறுக்கும்போது பின்வளவில் கொஞ்சத்தை விட்டுவிடுகிறா.