சொசைட்டியா, டிரஸ்டா, சும்மா கூடுவதா? பெங்களூரில் ஒரு ஜாஸ் ஆசிரியர் சங்கத்துக்கான கணக்கு

காக்ஸ் டவுனில் ஒரு மாடி அறையில் ஞாயிறு மதியம் பதினோரு பேர் கூடுகிறோம். இரண்டு பேர் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்கள். ஒருவர் சிவாஜிநகர்ப் பக்கம் கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதியவர். மூன்று பேர் மெல்லிசைக் குழுக்களில் இளையராஜா பாட்டுக்கு பாஸ் கிதாரும் டிரம்ஸும் வாசித்தே கை பழுத்தவர்கள். மீதிப் பேர் என்னைப் போல வீட்டு வாசலில் ‘கிதார் கிளாஸ்’ என்று போர்டு மாட்டியவர்கள். எல்லோரும் பாடம் நடத்துகிறோம். ஜாஸை யாரும் முறையாகப் படித்ததில்லை. பிள்ளைகள் யூட்யூபில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள், நாங்களும் தேடிப் படித்துச் சொல்லிக் கொடுக்கிறோம்.

இதை ஒரு சங்கமாக்கலாமே என்று பேச்சு வந்ததும், ஆடிட்டர் நண்பர் ஒருவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். “முதல்ல ரெஜிஸ்டர் பண்ணுங்க சார், மத்ததெல்லாம் தானா வரும்.” டிரம்பெட் அண்ணா சிரித்தார். “தம்பி, சங்கம்னு ஆரம்பிச்சா முதல்ல சண்டை வரும், அப்புறம்தான் ரசீது புக் வரும்.” இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

சட்டப்படி மூன்று கதவுகள். டிரஸ்ட் மிகச் சுலபம்: பத்திரம் எழுதி, சப்-ரெஜிஸ்டிரார் ஆபீசில் பதிவு செய்தால் முடிந்தது, இரண்டு பேர் போதும். கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960இன்படி சொசைட்டி வைக்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். வருடாந்திரப் பொதுக்குழு, கணக்குத் தணிக்கை, நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுப்பது என்று வேலை தொடரும். மூன்றாவது, கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் லாப நோக்கற்ற கம்பெனி. பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கப் போகிறவர்களுக்கு அது மரியாதையான சட்டை. வருஷா வருஷம் அந்தச் சட்டையை இஸ்திரி போடும் செலவு பதினோரு பேருக்குத் தாங்காது. அதை விட்டுவிடலாம்.

டிரஸ்டை நான் எளிதில் ஒதுக்கவில்லை, அனுபவம் ஒதுக்க வைத்தது. சில வருடங்களுக்கு முன் டிரஸ்டாக நடந்த ஒரு இசைப் பள்ளியில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நடத்தியவர் நல்லவர், ரசனை உள்ளவர். குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போக முடிவு செய்தார், மறு மாதம் பள்ளியின் ஷட்டர் இறங்கிவிட்டது. ஜாஸுக்கு வேரான ப்ளூஸை அரைகுறையாகக் கற்ற பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு வாட்ஸப் செய்திதான் மிஞ்சியது. சட்டப்படி அவர் செய்தது தப்பே இல்லை. டிரஸ்ட் என்பது டிரஸ்டிகளின் மனசு. சொல்லிக் கொடுத்தவனுக்கு அதில் ஓட்டு கிடையாது. சொசைட்டியில் சண்டை போடுவதற்காவது இடம் இருக்கிறது. சண்டை போட்டு நடத்தும் சங்கங்களுக்குத் தமிழர்களிடம் பஞ்சமா என்ன? அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கம் 1950லிருந்து இருக்கிறது; எத்தனை தேர்தல், எத்தனை அணி! சங்கம் இன்னும் நிற்கிறது.

ஆனால் எந்தக் கதவு என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே போய் என்ன செய்யப் போகிறோம் என்பதில்தான் உண்மையான போட்டி.

ஒரு வழி, விழா. 1978இல் பம்பாயில் நிரஞ்சன் ஜவேரியும் நண்பர்களும் ஆரம்பித்த ஜாஸ் யாத்ரா இந்தியாவில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. சாக்ஸபோன் மேதை சோனி ராலின்ஸ் போன்றவரை நம் நாட்டுக்காரர்கள் நேரில் கேட்டார்கள் என்றால் அதனால்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விழா முதலில் வளர்ப்பது ரசிகர்களை. மறுநாள் காலை டிரம்ஸ் வாத்தியார் தன் மாணவனிடம் என்ன புதிதாகச் சொல்வார் என்பது விழாவின் கவலை இல்லை.

விழாவையும் கல்வியையும் ஒன்றாகக் கட்டினால்? அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1968இல் தேசிய ஜாஸ் ஆசிரியர் சங்கம் என்று தொடங்கியது, 1989இல் ‘சர்வதேச’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. வட்டாரக் கிளைகள், பாடத்திட்டம், உதவித்தொகை எல்லாம் இருந்தன. ஜனவரிதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் திரளும் மாநாடுதான் அதன் முகம், வருமானமும் பெரும்பாலும் அதுதான். 2008 ஜனவரியில் டொராண்டோ மாநாட்டுக்கு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏப்ரலில் திவால் மனு. நாற்பது வருடச் சங்கம் நான்கு மாதத்தில் படுத்துவிட்டது. அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டு ஜாஸ் எஜுகேஷன் நெட்வொர்க் என்று இன்னொன்று தொடங்கினார்கள். கடன் ஏற்கெனவே இருந்ததாகவும் சொல்கிறார்கள், இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு திருவிழா உண்டியலை நம்பி தினசரி பூஜை நடத்தினால், திருவிழாவன்று மழை பெய்தால் விளக்குக்கு எண்ணெய் இருக்காது.

இதற்கு நேரெதிர், சிகாகோவின் ஏஏசிஎம் என்ற இசைக்கலைஞர் சங்கம். 1965இல் முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் முதலான கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் தெற்குப் பகுதியிலேயே கூடி ஆரம்பித்தது. கச்சேரியைத் தாங்களே நடத்துவது, சொந்தப் படைப்புகளை வாசிப்பது என்பது கொள்கை. 1967 முதல் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் வகுப்பு. சொல்லிக் கொடுத்தவர்களும் மேடையில் வாசித்தவர்களும் ஒரே ஆட்கள். பெரிய மாநாடு இல்லாமலேயே அது இன்றும் இருக்கிறது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய ‘சொந்தப் படைப்பு மட்டும்’ என்ற வீறாப்பை இங்கே கொண்டுவர முடியாது. எங்களுக்கு இன்னும் பாலபாடமான பன்னிரண்டு பார் ப்ளூஸே கைக்கு வரவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு மாதிரி இருக்கிறது. சென்னை மியூசிக் அகாடமி 1928இல் உருவானது, 1931இல் ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரி திறந்தது. டிசம்பர் சீசனில் மாலைக் கச்சேரிக்கு அடித்துப்பிடித்துப் போகும் கூட்டம், காலை விளக்கவுரைக்குப் பாதிகூட வராது. ஆனாலும் அந்தக் காலை நேரத்தை அகாடமி கைவிடவில்லை. மேடைக்குப் பக்கத்திலேயே பாடத்துக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்தது அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம்.

பெற்றோர்கள் கேட்பது வேறு. “எந்த கிரேடு வரைக்கும் சார்?” டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் போன்ற லண்டன் தேர்வுகளில் ஜாஸ் பாடமும் உண்டு. சங்கம் ஒரு தேர்வு மையமாகிவிட்டால் வருமானம் நிச்சயம், கூட்டமும் வரும். இந்த வழியின் பலம் எனக்குத் தெரியும், என் வாடகையில் பாதி கிரேடு மாணவர்கள் தருவதுதான். தயக்கம் எதற்கு என்றால், போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

மிருதங்கம் கற்ற ஒரு பையன், பன்னிரண்டாவது படிக்கிறான், டிரம்ஸில் உட்கார்ந்தான். ஸ்விங் என்றால் சமமாக எழுதிய இரண்டு சுரத்தை நீளம், குட்டை என்று வாசிப்பது என்றோம். “அப்ப திஸ்ரம்தானே அங்கிள்?” என்று, மூன்றாக எண்ணும் அந்த ‘தகிட’வில் முதல் இரண்டைச் சேர்த்து மூன்றாவதைத் தனியாக விட்டு அச்சுப் பிசகாமல் வாசித்தான். நிதானமான காலத்தில் கிட்டத்தட்ட சரி. வேகத்தைக் கூட்டியதும் சாணக்கல்லில் கத்தி தீட்டுவது போல ஆகிவிட்டது. வேகம் ஏற ஏற அந்த நீளம்-குட்டை வித்தியாசம் கரைந்து சமத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அது எந்தக் கணக்கிலும் உட்காராது. அவன் அழுத்தித் தட்டுவதும் ஒன்றிலும் மூன்றிலும். காலால் மிதித்து ஒலிக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட் கேட்பதோ இரண்டும் நாலும். எங்கள் மெல்லிசை டிரம்மர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், இடது காலால் ஹை-ஹாட்டை மட்டும் இருபது நிமிடம் மிதித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பையனின் தோள் இறங்கியது. “கணக்கு எப்பவோ சரியா இருந்துச்சு, இப்பதான் நடை வந்துச்சு” என்றார் அவர்.

இந்த இருபது நிமிடத்துக்கு எந்த கிரேடிலும் மதிப்பெண் இல்லை. கிதார் வாத்தியாரான நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த வாரம் என் மாணவர்களிடம் அதையே செய்தேன். ஆசிரியர் இன்னொரு ஆசிரியரைப் பார்த்துக் கற்கிற இடம் என்பதுதான் ஒரு வட்டாரச் சங்கத்தால் மட்டுமே தர முடிந்தது. மற்றதெல்லாம் காசு கொடுத்தால் வெளியே கிடைக்கும்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1964இல் டி.ஏ.எஸ். மணி பெங்களூரில் தொடங்கிய கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக்காரர்களோடுதான் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ 1980களில் ஆல்பம் பதிவு செய்தார். தாளத்தில் ஊறிய ஆட்கள் இருக்கும் ஊர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பையனின் திஸ்ரமும் எங்களுக்குக் குறையாகப் படவில்லை. ஹை-ஹாட்டோடு சேர வேண்டிய சரக்கு அது.

வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் கிளையாகிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். டாலரில் சந்தா, பெரிய பள்ளிகளின் பிக் பேண்டு என்கிற பெரிய ஊதுவாத்தியக் குழுக்களுக்கான நோட்டுகள். இங்கே நான்கு டிராம்போன் வாசிப்பவர்களைச் சேர்ப்பதற்குள் எனக்கு ஓய்வுக்காலம் வந்துவிடும். தனியாக உறுப்பினராகிக் கொள்ளுங்கள், வீடியோ பாருங்கள், போதும். அந்தப் பக்கத்திலிருந்து நன்கொடை வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி வேண்டும், பிறந்த குழந்தைச் சங்கத்துக்கு அது லேசில் கிடைக்காது.

ஆக நாங்கள் எடுத்த முடிவு: இந்த வருடம் பதிவு இல்லை. மாதச் சந்தா ஆளுக்கு முந்நூறு, நோட்டுப் புத்தகத்தில் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. மூன்றாவது ஞாயிறு மாணவர்களோடு வாசிப்பு, மற்ற ஞாயிறுகள் ஆசிரியர்களுக்கு மட்டும். யாராவது நன்கொடைக்கு ரசீது கேட்கிற நாளில் சொசைட்டியாகப் பதிவு செய்வோம். பைலாவில் தலைவர் பதவி இரண்டு வருடம்தான், தொடர்ந்து மறுமுறை கிடையாது என்ற வரியை இப்போதே எழுதி வைத்தாயிற்று. அதை எழுதச் சொன்னவர் டிரம்பெட் அண்ணாதான்.

இடம்தான் இன்னும் இழுபறி. கீழ்வீட்டு அம்மா டிரம்ஸ் சத்தத்துக்கு மதியம் இரண்டிலிருந்து நாலு வரைதான் அனுமதி கொடுத்திருக்கிறார். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிறவர்கள் மெட்ரோ பர்ப்பிள் லைனுக்குப் பக்கத்தில் அறை பாருங்கள் என்கிறார்கள், அல்சூரில் ஒன்று பார்த்தோம், சுவர் மெலிசு. வரும் ஞாயிறு ஸ்னேர் டிரம்முக்குள் பழைய துண்டைத் திணித்து அங்கே ஒருமுறை வாசித்துப் பார்க்கப் போகிறோம்.